இடது கால் முன்னுக்கு

உலகத்தில் வேறு தலைப்பே இல்லாததுபோல, என் மகள் சரித்திர வகுப்புக்கு ஜப்பானிய இராணுவத்தை எடுத்தாள். அதுவும் சொந்த மண்ணைக் காப்பதற்கென்று அவர்கள் அமைத்த ஒரு தலைமையகத்தின் வரலாறு. சண்டையை விட்டுவிட்டு வேறு எதையாவது எடு என்று சொல்லிப் பார்த்தேன். பதினெட்டு வயதுக்காரி, கேட்பாளா?

கனடாவில் பிரெஞ்சு கதைக்கிற எங்கள் ஊரின் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தால், குசினியில் லாப்டொப்பை விரித்து வைத்து, வகுப்பில் பேசப்போவதைப் பேசிப் பழகுவாள். நானும் வெங்காயம் உரித்தபடி கேட்பேன். பெரிய படைகள் எல்லாம் கடல் கடந்து சண்டை பிடிக்க, நாட்டைக் காக்கிற இந்தத் தலைமையகத்துக்கு மிஞ்சியது கொஞ்சப் பேர்தானாம். தலைக்கு மேல் குண்டு விழத் தொடங்கியபோது அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. உலகப்போரின் கடைசி வருடம் அதைக் கலைத்து, நாட்டைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து இரண்டு பெரிய சேனைகளிடம் ஒப்படைத்தார்கள். மேற்குச் சேனையின் தலைமையகத்துக்குத் தெரிந்தெடுத்த ஊர் ஹிரோஷிமா. அந்தப் பெயரைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு படம் காட்டினாள். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் மூங்கில் ஈட்டியோடு வரிசையாக நிற்கிறார்கள். கரையிறங்கும் எதிரியைக் குத்துவதற்காம்.

"உந்தப் பிள்ளை கால் மாறி நிக்குது. இடது கால் முன்னுக்கு வரவேணும்," என்றேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? மகள் என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?"

சொல்லாமல் விட்டால் விடமாட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், என் பள்ளிக்கூட மைதானத்தில் இயக்கம் கொடுத்த பயிற்சிக்குப் பதினொரு நாள் மரத் துவக்கோடு நின்றவள் நான். ஒரு வெடிகூட வைத்ததில்லை. கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தபோது, ஆயுதப் பயிற்சி எடுத்ததுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். மரக்கட்டையும் ஒரு ஆயுதமா என்று என்னையே சமாளித்தேன். இப்போது குடியுரிமை நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. பொய் பிடிபட்டால் இங்கே தங்கியிருக்கத் தந்த கடதாசியையும் பறித்துவிடுவார்கள் என்று ஆட்கள் கதைக்கிறார்கள்.

அவளுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். வீட்டு ஆட்களின் அனுபவத்தைச் சேர்த்தால் நல்ல புள்ளி கிடைக்குமாம், இதையும் சொல்லப்போகிறாளாம். விசரி, எங்களைப் பிளேனில ஏத்தித் திருப்பி அனுப்பப் போறியோ என்று கத்தினேன். உங்களைப் பற்றி வெட்கப்படுவது நீங்கள்தான், நானில்லை என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சொல்லப்போகிறாளா, இல்லையா என்று கேட்கவும் பயமாக இருந்தது.

அவள் வகுப்பில் பேசுகிற நாளுக்குப் பெற்றோரும் வரலாம் என்றார்கள். அரைநாள் லீவு போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். என் பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு, பாதிதான் விளங்கியது. ஆனால் 'மா மேர்', என் அம்மா, என்ற சொல் மட்டும் எங்கே வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஈட்டிப் படம் வந்தது, போனது. அவள் சொல்லவில்லை.

கைதட்டல் முடிய, ஆசிரியர் நல்ல மனதோடுதான் கேட்டார்: உங்கள் குடும்பத்திலும் இப்படி ஏதும் நடந்ததா?

மகள் என்னைப் பார்க்கவே இல்லை. இல்லை என்றாள். அம்மா சந்தையில் மரக்கறி விற்கிறா, சண்டையைப் பற்றி அவவுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். குரல் துளியும் நடுங்கவில்லை. ஆசிரியர் என் பக்கம் பார்த்துச் சிரித்தார். போன உயிர் வந்து, நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் பக்கத்தில் இருந்தாள். வெளியில் என்னோடு பிரெஞ்சிலேயே கதைக்கிறவள், சுற்றி இருப்பவர்களுக்கு விளங்கக்கூடாதென்று மெதுவாகத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, நான் சரியாச் சொன்னனானே?"

"ஓம் பிள்ளை," என்றேன். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.