நாயில்லாத வீட்டின் பலகை

இரும்புக் கேட்டில் நான்கு திருகாணி ஓட்டைகள். ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவை நினைத்தால், அவர் முகத்துக்கு முன்னால் அவைதான் வந்து நிற்கின்றன. தெருவில் பாதி வீடுகளில் நாயே கிடையாது; 'நாய் ஜாக்கிரதை' பலகை மட்டும் உண்டு. மாமாவோ தன் நாயைப் புதைத்த மண் காயுமுன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பலகையைக் கழற்றினார். "இல்லாத நாயை இருக்குன்னு சொல்லுதது பொய்தானவே? எல்லாரும் இப்படி மாட்டினா எந்தப் பலகையை எவன் நம்புவான்?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சிரித்தார்.

எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் மாமா. வீட்டுக்கு வந்தபிறகும் அந்த வேலையை விட்டதில்லை. தேறியது, தேறாதது. மனிதர்களுக்கும் அவ்வளவுதான்.

என் தங்கைக்கு மாதாப்பூரில் வரன் ஒன்று அமைந்து வந்தது. பேச்சு முடியுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்து வீட்டு மாமாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பெண்ணுக்கு உடம்புக்கு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். சின்ன வயதில் வலிப்பு வந்ததுண்டு என்றாராம் மாமா. மாத்திரையை நிறுத்தி வருடங்கள் ஆயிற்று, டாக்டரே இனி வேண்டாம் என்றுவிட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அம்மா அழுதுகொண்டு போய்க் கேட்டபோது, "கேட்டதுக்குப் பதில் சொன்னேன், மதினி. அவ்வளவுதான் என் கடமை. ஆளாளுக்குப் பொய் சொன்னா யாரை நம்பி யாரு பொண்ணெடுப்பாவ?" என்றார். உலகம் முழுவதுக்கும் சட்டம் எழுதியவருக்கு அடுத்த வீட்டுப் பெண்ணின் முகம் தெரியவில்லை.

"நக்கோம்மா, வேண்டாம், விடு. உண்மையத்தான சொன்னாரு," என்றாள் தங்கை. "அதுக்கு இவ்வளவு நிம்மதியாவா சொல்லணும்?"

சில வருடம் கழித்து மாமாவின் மகனுக்கு உப்பலில் பெண் பார்த்தார்கள். அப்போது அவன் கம்பெனியில் 'பெஞ்சில்' இருந்தான்; சம்பளம் வரும், வேலை இருக்காது, என்றைக்கு வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்கள். விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடம், "தங்கமான பிள்ளை, நல்ல உத்தியோகம்," என்றாள் அம்மா. நான் பொருமினேன். "அந்தப் பய என்னடா செஞ்சான்?" என்று என்னை அடக்கினாள்.

மறுநாள் காலை மாமா பஸ் ஏறி உப்பலுக்குப் போய், பெண்வீட்டாரிடம் பெஞ்சு விவரத்தை விளக்கிவிட்டு வந்தார். சம்பந்தம் முறிந்தது. அந்த மாதமே கம்பெனியில் மகனுக்கு வேலை ஒதுக்கினார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு புனே போனவன் திரும்பவில்லை. மாமா வேஷக்காரராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். வேஷக்காரனுக்குத் தன் பிள்ளைமேலாவது ஆசை இருக்கும். இவரிடம் சட்டம் மட்டும் இருந்தது, பளபளவென்று, கை படாமல்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மாமியும் காலமாகிவிட்ட வீடு. முற்றத்து பிளாஸ்டிக் நாற்காலியில் சுருங்கிக் கிடந்தார். மெல்லக் கேட்டார்: "அவன் வருவான்னு நினைக்கியா?"

வருவான் மாமா, எங்கே போவான். யாரும் சொல்லக்கூடியது. என் நாக்குவரை வந்தது.

"வரமாட்டான், மாமா," என்றேன்.

கேட்டதற்குப் பதில். அவர் பார்வை என் வாயிலேயே நின்றது, இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதுபோல. எழுந்து வந்து கேட்டைச் சாத்தினேன். நான்கு ஓட்டைகளையும் துரு தின்று பெரிதாக்கியிருந்தது. ஒன்றின் வழியே அந்த நாற்காலி தெரிந்தது.