நடைத் தேர்வும் அண்ணன் பனியனும்

எனக்குக் கோபம் வந்தால் கால் வேகமாக நடக்கும். சிலருக்குக் கை நீளும், சிலருக்கு வாய் நீளும். எனக்குக் கால். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டேன்.

எழுபதுகளின் பின்பாதி அது. எனக்கு முப்பது வயதாக இரண்டே மாதம் பாக்கி. ஸ்ரீபெரும்புதூரில் அண்ணன் வைத்திருந்த சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் எனக்கு வைத்த பெயர் தண்டச்சோறு. ஒட்டிய பஞ்சர் பிய்ந்துகொண்டால், "தண்டச்சோறு, இன்னாடா ஒட்டின?" என்பான். நன்றாக நின்றால், "தண்டச்சோறுக்கு இன்னிக்கு நல்ல நேரம்" என்பான். கடைசியில் சைக்கிள் விட வருகிறவர்களும், "தண்டச்சோறு கீறாரா?" என்று மரியாதையோடு கேட்க ஆரம்பித்தார்கள்.

காட்டுக் காவலர் வேலைக்கு எழுத்துப் பரீட்சை தேறிவிட்டேன். நடைத் தேர்வு பாக்கி. இருபத்தைந்து கிலோமீட்டரை நாலு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். முப்பது தாண்டினால் மறுபடி மனுப் போட முடியாது. இதை விட்டால் ஆயுளுக்கும் அண்ணன் கடை, ஆயுளுக்கும் அந்தப் பெயர். அம்மாவோ அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, "எம் புள்ள ரேஞ்சர் ஆயிட்டான்" என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். "இன்னும் நடக்கவே இல்லியேம்மா" என்றேன். "நடந்தா ஆயிடுவே இல்ல?" என்றாள்.

தேர்வு நாளன்று விடியற்காலையில் கொடியில் கிடந்த அண்ணனின் புதுப் பனியனைச் சொல்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் பனியன்களில் துணியைவிட ஓட்டை அதிகம்.

புரட்டாசி மாதம். வாலாஜாபாத் பக்கத்தில் தொடங்கி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வரை நடை. மருந்துக்குக்கூடக் காடு கிடையாது. ஏரி, வயல், பனைமரம், தார் ரோடு. நாற்பது பேர் நின்றோம். அதிகாரி ஜீப்பின்மேல் ஏறி விதிகளைச் சொன்னார். ஓடக் கூடாது. சைக்கிளில் பின்னால் வரும் ஆள், ஓடுகிறவனைப் பார்த்தால் விசில் ஊதுவார். மூன்றாவது விசிலுக்கு வீட்டுக்குப் போகலாம். வழியில் மூன்று இடத்தில் இடது முன்னங்கையில் ஊதா மையில் முத்திரை குத்துவார்கள். மூன்று முத்திரையும் இருந்தால்தான் நடந்ததாகக் கணக்கு.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். அப்போது வானம் மூடிக்கொண்டு, குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. எட்டுக்குள் வெயில் சுள்ளென்று ஏறித் தார் ரோடு சுட ஆரம்பித்தது. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் அண்ணனின் திட்டு ஒன்றை நினைத்துக்கொண்டேன். சரக்குக்குப் பஞ்சமே இல்லை. போன பொங்கலுக்குத் திட்டியதை நினைத்தபோது கால் போன வேகத்தில் விசில் சத்தம் கேட்டது.

"ஓடலைங்க, கோவத்துல நடக்கிறேன்!" என்றேன்.

"கோவத்துல ஓடுற மாதிரி கீதுய்யா" என்றார் விசில்காரர். மீசைக்காரர், முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. அடுத்த கல்லில் இன்னொரு விசில். பாவி மனுஷன்! இரண்டு போய்விட்டது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் மூன்றாவது முத்திரை விழுந்தது. எனக்கு நிறைய நேரம் மிச்சம் இருந்தது. அப்போதுதான் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் பொட்டுப் பொட்டாகத் தூறல். கையைப் பார்த்தேன், ஊதா மை கசிகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்த யோசனை வந்திருக்க வேண்டும். முன்னால் போன அத்தனை பேரும் இடது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்கள். வயிற்றுவலிக்காரர்கள் ஊர்வலம் போவது போல இருந்தது. நானும் கையைச் சட்டைக்குள் விட்டு, பனியன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வல்லம் தாண்டியதும் ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. சொர்ணவாரிப் பட்டத்து அறுவடை. தனியாக ஒரு அம்மா முறத்தை வைத்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

"யோவ், வயித்தப் புடிச்சிக்கினு போறவங்களே! மய வருதுய்யா! நெல்லு போவுதுய்யா!"

எங்கள் பக்கத்தில் மழை வந்தால், காய்கிற நெல் யாருடையது என்று எவனும் கேட்கமாட்டான். பஸ்ஸை நிறுத்தி இறங்கி வாருவான். ஆனால் எனக்கு முன்னால் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நானும் குனிந்துகொண்டு போனேன். அந்த வெட்கத்தை இன்றும் மறக்க முடியவில்லை. நூறு அடி போயிருப்பேன். 'வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதே, நட' என்றது புத்தி. பின்னாலிருந்து அந்த அம்மா குரல் வந்தது. இப்போது அவர் யாரையும் கூப்பிடவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு என்மேலேயே கோபம் வந்துவிட்டது. கால் திரும்பி ஓட்டம் பிடித்தது. நடை இல்லை, சுத்தமான ஓட்டம். எதிரே சைக்கிளில் விசில்காரர். விசிலை வாயில் வைத்தார்.

"யோவ் மீச! ஊதிக்கினு நிக்கிறியே, அந்தத் தார்ப்பாய்ப் பக்கம் புடி!" என்று அந்த அம்மா கத்தினார்.

விசில்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுத் தார்ப்பாயைப் பிடித்தார். மழை கொட்டோ கொட்டு என்று கொட்டியது. வாரினோம், தள்ளினோம், குவித்தோம், மூடினோம், சுற்றிலும் கல் வைத்தோம். முக்கால்வாசி நெல் தப்பியது. மழை நின்று, ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் அடித்தது. கையைப் பார்த்தேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. கைக்கு எட்டியது கையிலேயே நிற்கவில்லை.

"மணி பத்தேகால். இன்னும் அஞ்சு கிலோமீட்டர் கீது. நட" என்றார் விசில்காரர்.

நடந்தேன். சனியன், வேகம் வரவில்லை! நெல் தப்பித்த சந்தோஷத்தில் மனம் குளிர்ந்து கிடந்தது. அண்ணன் திட்டெல்லாம் பழைய சோறாகத் தெரிந்தது. "யாராவது திட்டினாத்தான் எனக்குக் கால் வரும்" என்று வெட்கத்தைவிட்டுச் சொன்னேன்.

விசில்காரர் பக்கத்திலேயே சைக்கிளை ஓட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "இன்னாய்யா, பொண்ணு மாப்ள ஊர்வலமா? உன்னியெல்லாம் காட்டுல வுட்டா மரமே உன்ன முந்திக்கினு பூடும். சோத்துக்குப் பொறந்தவனே!" ஆகா, என்ன திட்டு! அண்ணனே பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. கால் பறந்தது. ஓட்டமாக மாறாமல் இருக்க நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.

பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஜீப்பைத் தொட்டேன். அதிகாரி கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"முத்திரை எங்கே?"

நனைந்த சட்டையைப் பிழிவதற்காகத் தூக்கினேன். அதிகாரி என் வயிற்றைப் பார்த்து, "அதென்ன?" என்றார். அண்ணனின் வெள்ளைப் பனியனில் மூன்று ஊதா வட்டம்! ஈரக் கையிலிருந்து ஒட்டியிருந்தன, எழுத்தெல்லாம் இடம் வலமாக. அதிகாரி என்னைத் தோளைப் பிடித்து ஜீப்பின் பக்கக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். நான் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவர் குனிந்து கண்ணாடியைப் பார்த்து ஒவ்வொரு முத்திரையாக வாய்விட்டுப் படித்தார். முடித்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"சரி. எங்கேயாவது ஓடினாரா?" என்று விசில்காரரைக் கேட்டார்.

"ஓடினார் சார்."

அதிகாரி பேனாவை மூடப் போனார்.

"பின்னால ஓடினார் சார். நெல்லு வார. முன்னால ஓடலை."

அதிகாரி விசில்காரரின் மீசையில் ஒட்டியிருந்த நெல்மணியைப் பார்த்தார். "நீ?"

"நானுந்தான் சார்."

அதிகாரி விதித் தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பின்னால ஓடறதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "சாட்சியத்தைக் கழட்டிக் கொடு. ஃபைலில் வைக்கணும்."

பனியன் அதோடு போயிற்று.

கடைக்கு வந்தேன். அண்ணன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல், "இன்னா ஆச்சு?" என்றான்.

"பாஸ்ண்ணா."

டியூபை அமுக்கியபடியே வெகுநேரம் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குமிழி வந்த இடத்தில் விரலை வைக்கக்கூட மறந்துவிட்டான். பிறகு நிமிர்ந்து, என் சட்டைக்குள்ளே பார்த்தான். "கொடியில கெடந்த என் பனியன் எங்கடா?"

"சர்க்கார் எடுத்துக்கிச்சுண்ணா."

அண்ணன் அன்று சாயங்காலம் வரை கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை. காற்றடிக்க வந்தவரை எல்லாம் நிறுத்தி, கண் சிவக்க, குரல் உடைய, என்னைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். "பாருங்க, சர்க்கார் உத்தியோகஸ்தன் செஞ்ச வேலைய. பனியன் திருடன்!"

தண்டச்சோறு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.