பிந்தி எரியும் பலகை

உட்காருமுன் தம்பிராஜா கதிரையை முகர்ந்து பார்ப்பார். கல்யாண மண்டபமானாலும் சரி, பல் வைத்தியர் வீடானாலும் சரி, குனிந்து ஒரு மூச்சு இழுத்து, "இந்தப் பிளாஸ்டிக்கை அளவுக்குமிஞ்சிக் காய்ச்சிப்போட்டாங்கள்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அமர்வார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தானாம். "கதிரையோட நிப்பாட்டினார், நான் தப்பினன்" என்பார் மனைவி பத்மாதேவி.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, இரசாயனம் படித்து, மலைநாட்டுப் பல்லேகலயில் மஹ்ரூப் ஹாஜியாரின் தொழிற்சாலையில் வந்து சேர்ந்தவர். மரத்தூளையும் பழைய பிளாஸ்டிக்கையும் உருக்கிக் கலந்து பலகை வார்ப்பது அங்கே வேலை. முதன்முதல் வார்த்த பலகையில் நாலுபேர் இருக்க நீளமாய் ஒரு வாங்கு செய்து, பக்கத்து ஊரான திகனயில் தம் கடை வாசலில் போட்டார் ஹாஜியார். மத்தியான வெயிலில் அது நடுவே தொய்ந்த தொய்வில், ஆளுக்கொரு அந்தத்தில் முகம் திருப்பி இருந்த சம்பந்திகள் இருவர் சறுக்கி நடுவுக்கு வந்து, பல வருடப் பகையை மறந்து கட்டிக்கொண்டார்களாம்.

அந்தத் தொய்வுக்குத் தம்பிராஜா கண்ட வைத்தியம் களிமண். கண்ணுக்கு அகப்படாத மெல்லிய தகடுகளாகப் பிரிகிற ஒரு தனிச்சாதி மண். பலகைக்குள்ளே அந்தத் தகடுகள் ஓட்டுக்கூரைபோலப் பரவிவிட்டால், சூடானாலும் நெருப்பானாலும் உள்ளே புக வழி தெரியாமல் சுற்றும்.

"அப்ப அள்ளிப் போடுங்களே மாஸ்டர், மண்ணு என்ன பவுனா?" என்பார் ஹாஜியார்.

"புட்டு மாவுக்குத் தண்ணியை அள்ளி ஊத்துவியளோ? கட்டிபட்டுப் போம். கொஞ்சமாத்தான் போடவேணும்."

"எரியாத பலகைன்னு போர்டுல எழுதுவமா, செல்லுங்க."

"எரியும், ஹாஜியார். பிந்தி எரியும்."

பொய்யென்றால் அவருக்கு அப்படி ஓர் ஒவ்வாமை. அதுவே ஒருநாள் அவரைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது.

பொதியெல்லாம் குண்டாகத் தெரிந்த யுத்த காலம். வீட்டு விலாசத்துக்குப் புதிதாக வந்த மண்ணில் ஈரம் படக்கூடாதென்று, அதைப் பால்மா டின்னில் அடைத்துக்கொண்டு வேலைக்குப் பஸ் ஏறினார். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். சிப்பாய் டின்னைத் திறந்தான், பால் வாசமில்லை. அடையாள அட்டையைப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். தோளில் கிடந்த துவக்கு கைக்கு வந்தது.

"என்ன இது?" என்றான் சிங்களத்தில்.

கண்டக்டர் அழகமுத்து ஓடிவந்து, "மூஞ்சிக்குப் பூசுற பவுடர், சேர்" என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டுத் தமிழில் கிசுகிசுத்தான்: "ஆமான்னு தலைய ஆட்டுங்கய்யா, புண்ணியமாப் போகும்!"

"ஏன் தம்பி பொய் சொல்லுறீர்?" என்ற தம்பிராஜா, சிப்பாயிடம் திரும்பித் தமக்குத் தெரிந்த சிங்களத்தில், "பவுடர் இல்லை, களிமண்" என்று திருத்தினார்.

"எதற்கு?"

"நெருப்புக்கு."

பயணிகள் சேர்ந்தாற்போலப் பின்வாங்கினார்கள்.

"எரியுமா?"

"மண் எரியாது. பிளாஸ்டிக்கோடு ஒட்டுவதற்காக அதில் தடவிய பூச்சுக் கொஞ்சம் எரியும். சந்தேகமென்றால் கொளுத்திக் காட்டுகிறேன்."

தடுக்க ஒருவருக்கும் வாய் வருமுன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி வந்து, குச்சியும் கிழிபட்டுவிட்டது. சிப்பாய்கள் மண்மூட்டைகளுக்குப் பின்னால் பாய்ந்தார்கள். அழகமுத்து பஸ்ஸுக்கு அடியில் போனான். டின்னுக்குள் விழுந்த குச்சி, மணலில் குத்தியதுபோல அணைந்தது. நூலளவு புகை எழுந்தது. தம்பிராஜா மூக்கை டின்னுக்குள்ளேயே விட்டு ஆழ இழுத்தார்.

"நல்ல மண்" என்றார்.

மண்மூட்டைக்கு மேலே, சிப்பாய்களுக்கு மேலதிகாரியான சார்ஜனின் தொப்பி எழும்பியது. பிறகு ஒரு சிரிப்பு எழும்பியது. "குண்டு கொண்டுவந்தவன் அதை முகர்ந்தா பார்ப்பான்? ஏற்று, ஏற்று இந்த ஆளை!"

அழகமுத்து தூசியைத் தட்டிக்கொண்டு வந்து, முன் இருக்கையை ஒழித்துக் கொடுத்தான். "இருங்கய்யா. சாவகாசமா மோந்து பாத்துட்டே இருங்க."

தம்பிராஜா டின்னை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி, முகராமலே பொத்தென்று உட்கார்ந்தார். பஸ் இன்னும் கிளம்பவில்லை. டின் மூடி மட்டும் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.