பதினான்கு அடி உயர அறை

மேல்விஷாரத்தில் மஹபூப் பாஷாவிடம் அளவைப் பற்றி வாய் கொடுத்து ஜெயித்தவர் யாருமில்லை. தோல் பதனிடும் டேனரியில் இருபத்தாறு வருஷமாக அளவுக்காரர். கழுத்தும் காலும் கோணல்மாணலாக நீண்டிருக்கும் ஆட்டுத்தோலை ஒரு பார்வை பார்ப்பார், "நாலே முக்கால் சதுர அடி" என்பார். அளக்கும் மெஷினில் போட்டால் அதுவும் நாலே முக்கால்தான் காட்டும். மனிதருக்குத் தலைக்கனம் இல்லாமல் இருக்குமா?

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் வீட்டுக்கு எதிரே நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். அப்பப்பா, அந்தப் புழுதி! பத்து வயது மகள் தில்ஷாதுக்கு இளைப்பு வந்துவிட்டது. டாக்டர் இன்ஹேலர் கொடுத்து, தூசி படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் பெங்களூரிலிருந்து மஹபூப் பாஷாவின் அக்கா குர்ஷித் போன் போட்டார்.

"ஜூன்ல ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போறேன். பத்தாவது வரைக்கும் இங்கியே படிக்கட்டும்."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் தில்ஷாத் ஒரே பிள்ளை. அவள் இல்லாத வீட்டுக்கு டேனரியிலிருந்து திரும்பி வருவதை மஹபூப் பாஷாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆற்காட்டில் எலக்ட்ரிக் சாமான் விற்கும் சாந்தகுமாரின் கடைக்குப் போனார். காற்றைச் சுத்தம் பண்ணும் மெஷின் அப்போதுதான் அங்கே வந்திருந்தது.

"ரூம் எவ்ளோ பாய்?"

"நூத்தி நாப்பத்திநாலு சதுர அடி. சந்தேகமா இருந்தா டேப் வச்சிப் பாரு."

"உங்க அளவுல யாரு சந்தேகப்படுவா? இது நூத்தம்பது வரைக்கும் தாங்கும். எடுத்துட்டுப் போங்க."

மூன்று வாரம் ஓடியது. மெஷின் ராப்பகலாக ரீங்கரித்தது. தில்ஷாதின் நெஞ்சில் விசில் சத்தம் கொஞ்சம்தான் அடங்கியது, போகவில்லை.

"இன்னும் பெருசா கேட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"அளவுல நான் தப்பு பண்ணுவேனா? மெஷின்தான் டுபாக்கூர்!"

கத்தின கையோடு சாந்தகுமாரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். சாந்தகுமார் அறைக்குள் கால் வைத்ததும் மெஷினைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பார்த்தார்.

"பாய், இது இன்னா ஒசரம்?"

"பதினாலு அடி. தாத்தா கட்டுன வீடு."

"கெட்டுது போங்க! நூத்தம்பதுன்னு போட்டிருக்கறது ஒம்பதடி ஒசர ரூமுக்கு. இங்க ஒன்றரை பங்கு காத்து இருக்குது. இந்தக் குட்டி மெஷின் எவ்ளோதான் இழுக்கும், பாவம்?"

மஹபூப் பாஷாவும் அண்ணாந்து பார்த்தார். தோலுக்கு ஏது உயரம்? நீளமும் அகலமும் போதும் என்று அளந்தே வயசு ஓடிவிட்டது. காற்று தரையில் விரித்துப் போட்டிருக்கும் சமாச்சாரமா என்ன?

"நானும் கேட்டிருக்கணும். ஓட்டுன மெஷின கம்பெனி திருப்பி எடுக்காது பாய். அளவு சரியா சொல்லலன்னு உங்க கைப்பட எழுதிக் குடுத்தீங்கன்னா, பெருசா மாத்தித் தரச் சொல்லி கேட்டுப் பாக்கறேன்."

அளவு சரியில்லை என்று எழுதுவதா? ஊரில் வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டையே நடந்திருக்கும். உள்ளே தில்ஷாத் இருமினாள். அவர் பேனாவை வாங்கினார். "அறையின் உயரத்தை நான் அளக்கவில்லை. தவறு என்னுடையது" என்று எழுதி, தடுமாறாமல் கையெழுத்துப் போட்டார்.

பெரிய மெஷின் பத்தாம் நாள் வந்தது. இன்ஹேலரையும் நிறுத்தவில்லை. ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்தியே வைத்தார்கள்.

மே மாதக் கடைசியில் குர்ஷித் காலிப் பெட்டியோடு வந்து இறங்கினார். மத்தியானம், தில்ஷாத் தூங்கிக்கொண்டிருந்தாள். குர்ஷித் கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். கதவோரம் நின்ற மஹபூப் பாஷா மூச்சே விடவில்லை.

"விசிலே இல்லடா மஹபூபு. இவ இங்கியே இருக்கட்டும்."

மஹபூப் பாஷா விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதார்.