ஒரு கோடா, இரண்டு கோடா

வீட்டில் என்னை அவசரக்குடுக்கை என்பார்கள். பொய்யில்லை. ஒரு விஷயம் காதில் விழுந்துவிட்டால் அதன் அடிவரை போய்ப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. பருத்திக்கொட்டையில் மரபணுவை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு விருத்தாசலத்துக்குள் புகுந்தபோது ஊரில் பலர் பயந்தார்கள். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உற்சாகம் தாங்கவில்லை.

பேச்சு வந்தது போன் வழியாக. யாரோ ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசும் வீடியோ. நாட்டில் விளையும் பருத்தி எல்லாமே இப்போது மரபணு மாற்றியதுதான், அந்தக் கொட்டையின் எண்ணெய் மிக்சரிலும் முறுக்கிலும் நம் வயிற்றுக்குள் போகிறது என்றார். கடைசியில், பருத்திப்பால் குடிப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் குடும்பத்தில் இடியாக விழுந்தது. ஏனென்றால் என் அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கிறாள்.

கல்யாணமாகி மதுரைப் பக்கம் இருந்தபோது கற்றுக்கொண்ட கைப்பக்குவம் அது. கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சுவாள். சாயங்காலம் நாலரைக்கு வண்டியை நிறுத்தினால் ஏழு மணிக்குள் அண்டா காலி. கொட்டை வேப்பூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வாங்குவது. மானாவாரியில் நாட்டுப் பருத்திதான் போடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அக்காவும் அதைத்தான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தாள்.

வீடியோ வந்த வாரத்தில் பாதி அண்டா மிஞ்சியது. அக்கா அதற்குக்கூட அவ்வளவு கலங்கவில்லை. அவளைக் கலக்கியது ஒரு நர்ஸ். சேத்தியாத்தோப்பில் வேலை பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கும் பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, வேறெதுவும் வயிற்றில் தங்காமல் இந்தப் பாலை மட்டும் ஆசையாகக் குடிப்பவள். அந்த வாரம் டம்ளரைக் கையில் வாங்கியவள் குடிக்காமல் நின்றாளாம். “நீங்க சொல்லுங்கக்கா, குடிக்கிறேன்” என்றாளாம். அக்கா, நாட்டுக் கொட்டைதான் என்று சொல்லிவிட்டாள். அவளும் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். “நானா பாத்தேன்? அவரு சொன்னாரு, நான் சொல்லிட்டேன். வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு என் வாய நம்பி குடிக்குது அந்தப் பொண்ணு” என்றாள்.

எனக்கு அது போதும். எதிர்வீட்டுப் பெண் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறாள். அன்று லீவில் வந்திருந்தாள். போய் உலுக்கி எடுத்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: கொட்டையை இடித்துத் தண்ணீரில் கலக்கி, ஒரு காகிதப் பட்டையை முக்கினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு கோடு வந்தால் மாற்றாத பருத்தி. இரண்டு கோடு வந்தால் மாற்றியது. காய்ச்சிய பாலில் பார்க்க முடியாது, கொதித்தால் பட்டை கண்டுபிடிக்கிற புரதம் சிதைந்துவிடும், பச்சைக் கொட்டையில்தான் பார்க்கவேண்டும். இதைச் சாப்பிட்டவர்கள் யாரும் சுருண்டு விழவில்லை அத்தை, ஆனால் எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிடுவது நல்லதுதானே என்றாள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நாலு பட்டை கொண்டுவந்து தந்தாள். கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியே இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்காமல் அக்கா ஒருத்திதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அடுப்படியே ஆராய்ச்சிக்கூடமாகிவிட்டது. நான் செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குச் சாயம் அரைத்துத் தீட்டுகிற பிரிவில் இருக்கிறேன். பதினேழு வருஷமாகச் சின்னப் பீங்கான் கல்வத்தில் பொடி அரைத்து அரைத்துக் கை பழகிவிட்டது. ஓரம் உடைந்ததென்று கம்பெனியில் கழித்துப்போட்ட கல்வம் ஒன்று வீட்டில் இருந்தது. இடிக்கிற வேலை என்னுடையது, ஒருத்தரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் குளித்துவிட்டு வருகிறேன் என்றாள். அவ்வளவு நேரம் பொறுத்திருக்க என்னால் முடியுமா?

பட்டை வேலை செய்கிறதா என்று தெரியவேண்டும் அல்லவா? அதனால் முதலில் மாட்டுத்தீவனக் கடைக் கொட்டையில் நாலு இடித்தேன். தண்ணீர் ஊற்றிக் கலக்கி, டம்ளரில் வடித்து, பட்டையை முக்கினேன். முதல் கோடு வந்தது. கண் கொட்டாமல் பார்த்தேன். மெல்ல, சிவப்பாக, இரண்டாவது கோடும் வந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எங்கள் அடுப்படியில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேனே!

அதே சூட்டில் கல்வத்தைத் துடைத்துவிட்டு, அக்காவின் மூட்டையிலிருந்து நாலு கொட்டை எடுத்து இடித்தேன். அடுத்த பட்டையை முக்கினேன். ஒரு கோடு வந்தது. அக்கா கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் போயிருக்கும். வெளிறிப்போன ஒரு கோடு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, முதல் கோட்டுக்குக் கீழே எழுந்து நின்றது.

அக்கா அன்றைக்குக் காய்ச்சியிருந்த பாலை அண்டாவோடு வண்டியில் ஏற்றினாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

“கடைக்கி. சொல்லிட்டு வரேன்.”

“யார்கிட்ட?”

“வர்றவங்க எல்லார்கிட்டயும். இது மாத்துன கொட்டைதான்னு. தெரிஞ்சி குடிக்கிறவங்க குடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அதோடு கோபமும், அந்த விவசாயி மேல். போன் போட்டுத் திட்டவும் தயாராகிவிட்டேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண் ஈரத் தலையோடு வந்தாள். இரண்டு பட்டைகளையும் பார்த்தாள், கல்வத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நடுவுல இத நல்லா கழுவுனீங்களா அத்த?”

“கழுவறதா? தொடச்சேன்” என்றேன், பெருமையாக. எங்கள் பிரிவில் யாருமே கல்வத்தைக் கழுவ மாட்டோம். துணியால் ஒரு துடை, அடுத்த பொடி. கழுவினால் ஈரம் தங்கும், சாயம் திரியும், சூளையில் போய்ப் பொரியும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் குழாயடிக்குக் கல்வத்தைத் தூக்கிக்கொண்டு போனால் நான்தான் சத்தம் போட்டு நிறுத்துவேன். முன்னால் அரைத்த சாயத்தின் சாயல் ஒரு துளி ஒட்டியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் இந்தப் பட்டைக்குத் தெரியும் என்று அவள் விளக்கியபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தீவனக் கடைக் கொட்டையின் மிச்சத்தை நானே அக்காவின் கொட்டையில் கலந்துவிட்டிருக்கிறேன்.

மீதி இரண்டு பட்டைதான். இந்த முறை அவள்தான் செய்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மூட்டையின் மேல்பக்கத்தில் ஒரு கைப்பிடி, அடியில் ஒரு கைப்பிடி. தனித்தனிப் புதுப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வெளியிலிருந்து நசுக்கி, தனித்தனி டம்ளரில் கலக்கினாள். பத்து நிமிஷம். ஒரு கோடு. இன்னொன்றிலும் ஒரு கோடு. இன்னும் ஐந்து நிமிஷம் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே கோடு!

அந்தப் பட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். எனக்கு நாற்பத்தாறு வயது, புடவையில் ஓடி வெகுகாலம் ஆகிறது. வழியில் ஒரு ஆட்டோவை மறித்து ஏறினேன். கோயில் பக்கம் கூட்டம், ஆட்டோ நகரவில்லை. இறங்கி மறுபடியும் ஓடினேன். வண்டியை நெருங்குவதற்குள் அக்காவின் குரல் கேட்டது. யாரோ ஒருவரிடம், மாத்துன கொட்டைதாங்க, நேத்து வரைக்கும் தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிக்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அண்டா கழுத்துவரை நிறைந்திருந்தது. அந்த நர்ஸ் அங்கேதான் இருந்தாள், பையைத் தோளில் மாட்டியபடி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் டம்ளர் இல்லை.

மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். கல்வம், துடைத்தது, கழுவாதது, புதுக் கவர், மேல் கைப்பிடி, அடிக் கைப்பிடி, ஒரு கோடு. பட்டையை நர்ஸின் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவள் பட்டையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

“நீங்க என்னாக்கா சொல்றீங்க?”

நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். சொல்லேன், நாட்டுக் கொட்டைதான் என்று சொல்லித் தொலையேன். அக்கா பட்டைகளை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள்.

“ரெண்டு கைப்புடியில மாத்துனது இல்லம்மா. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். மூட்ட பூரா நான் பாக்கல” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்டாவையே கவிழ்த்திருப்பேன். இவ்வளவு தூரம் ஓடிவந்து, கையில் கொடுத்த பிறகும் இப்படியா? நர்ஸ் பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒரு டம்ளர் ஊத்துங்கக்கா. சுக்கு கொஞ்சம் தூக்கலா” என்றாள்.