இளைப்பாற மறுத்த ஆன்மா

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில், என் ஆன்மா இளைப்பாற வேண்டிக்கொள்ளும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார்கள்.

எல்லோரும் என்றால் நானும்தான். அங்கேதானே உட்கார்ந்திருந்தேன்!

"இறந்துபோன நம் சகோதரர், ஜெலுத்தோங் சவரிநாதன்..." என்று ஊர்ப் பெயரோடு சேர்த்து என் பெயரை மைக் முன்னால் நின்று வாசித்தவர் மைக்கேல் சார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வெண்கலக் குரல். உச்சரிப்பில் அவருக்கு இருக்கும் அக்கறை, யாரைச் சாகடிக்கிறோம் என்பதில் இருக்காது.

பக்கத்தில் இருந்த என் மனைவி பிலோமினா என் தொடையைக் கிள்ளினாள். கத்தாதே என்றா, உயிர் இருக்கிறதா என்றா... இதுவரை கேட்கவில்லை.

எப்படி நடந்தது? முழுக்க முழுக்க என் கைங்கரியம்.

உங்களுக்குத்தான் தெரியுமே, என் ஈரலில் ஒரு கட்டி. புற்றுநோய். ஒரு பீர்கூடத் தொடாதவனுக்கு ஈரலில் புற்றா என்று இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே முன்பு புலம்பித் தீர்த்தேன். ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி எத்தனையோ வருடமாகச் சத்தமில்லாமல் உள்ளே குடியிருந்ததாம். வயிற்றைக் கிழிக்கவில்லை. தோல் வழியாக நீளமான ஊசி ஒன்றை ஈரலுக்குள் இறக்கி, மைக்ரோவேவ் சூட்டில் கட்டியைப் பொசுக்கினார்கள். மறுநாளே வீடு. நேற்று வைத்த கறியைச் சூடு பண்ணுவதுகூட எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய ரகளை.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியுமா?

எங்கள் கோவில் வாசலில் மூன்று பெட்டிகள். பூசையில் யாருக்காக வேண்ட வேண்டுமோ, அவர் பெயரை எழுதி உறையில் வைத்துப் போட வேண்டும். நன்றி சொல்ல ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று. நான் நன்றிப் பெட்டியில் போட்டேன். பூசை முடிந்ததும் எதிர்க் கடையில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். "சவரிகிட்ட மோதினா சாம்பல்தான்!" என்று வசனம் வேறு.

சாம்பலாகவில்லை. அண்மையில் எடுத்த ஸ்கேனில் மறுபடி தலைகாட்டியது.

டாக்டர் ஒரு சீனப் பெண், என் மகள் வயது. திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். ஆங்கிலமும் மலாயும் கலந்து அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால்... சுட்ட இடம் சுத்தம். ஆனால் ஈரலில் வேறொரு இடத்தில் புதிதாக ஒன்று. சின்னதுதான். மறுபடி சுடலாம்.

"அதுக்கப்புறமும் வந்தா?"

"மறுபடி பார்ப்போம், அங்கிள். ஈரல் தாங்குற வரைக்கும்."

எந்த நாள் வசதி என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை அந்தக் கட்டிலில் படுத்தபோது, இதோடு ஒழிந்தது என்ற நம்பிக்கையும் கூடப் படுத்திருந்தது. இந்தத் தடவை தனியாகப் படுக்க வேண்டுமே... பிலோமினா தினமும் கேட்டாள். நான் தினமும் யோசித்தேன்.

சரி, கடவுளிடமாவது சொல்லி வைப்போம் என்று சனிக்கிழமை சாயங்காலம் உறையோடு கோவிலுக்குப் போனேன். பெட்டிகளுக்கு எதிரிலேயே செசிலியா அக்கா பூ அலங்காரம் செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் தீவின் அந்தக் கோடியில் இருக்கும் பாலிக் புலாவ் டுரியான் தோட்டம் வரைக்கும் தெரியும்.

"என்னா சவரி, இன்னொரு நன்றியா?"

"ஆ... ஆமாக்கா. நன்றிதான் லா."

நன்றிப் பெட்டியில் போட்டால் கடவுளிடம் பொய். நோயாளிப் பெட்டியில் போட்டால் அக்காவிடம் உண்மை. எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள். பெட்டிகளை முதுகால் மறைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடியே, கையைப் பின்னால் விட்டு உறையைத் தள்ளிவிட்டு ஓடி வந்தேன்.

முதுகில் கண் இல்லாதவன் செய்யும் வேலையா அது?

மறுநாள் பூசையில், என்னை இறந்தவர்கள் பட்டியலில் வாசித்துவிட்டு, மைக்கேல் சார் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"சார்! நான் இன்னும் சாகல லா!"

கோவிலே திரும்பியது. பாதர் பீடத்திலிருந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அப்ப எந்தப் பெட்டியில போட வந்தீங்க, சவரி?"

பொய் சொல்ல வசதியான இடம் இல்லை அது.

"நோயாளிப் பெட்டி, பாதர். கட்டி திரும்ப வந்திருச்சு."

பாதர் தலையை ஆட்டினார். "மைக்கேல் சார், மாத்தி வாசிங்க." அதே வெண்கலம், அதே ஏற்ற இறக்கம்: "நோயுற்றிருக்கும் நம் சகோதரர், ஜெலுத்தோங் சவரிநாதன்..."

உயிர்த்தெழ எனக்கு மூன்று நாள்கூடத் தேவைப்படவில்லை!

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்கள். மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியம்தான் முதலில். "சுட்டும் சாகலியா அது? உன்ன மாதிரியே ரோஷம் கெட்ட ஜென்மம்டா!"

"நேத்து நன்றின்னியே, பாவி!" என்று செசிலியா அக்கா தோளில் ஒன்று வைத்தார். கையோடு மருந்தும் சொன்னார். "ஒரு பச்சிலை இருக்கு தம்பி. அரைச்சுக் குடி, ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"உங்க பச்சிலைய சோதிச்சுப் பாக்க எங்கிட்ட ரெண்டு ஈரலா இருக்கு? விடுங்கக்கா!"

நோய் முதல் தடவை வந்தால் ஆரஞ்சுப் பழம் வருகிறது, போன் வருகிறது, கண்ணீர் வருகிறது. இரண்டாம் தடவை வந்தால்? நோயாளிக்கே வெட்கம் வந்துவிடுகிறது, பரீட்சையில் ஃபெயிலானவன் மாதிரி. பாஸ் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே! ஆனால் யோசித்துப் பாருங்கள். திரும்பி வந்தது அது. வெட்கப்பட வேண்டியதும் அதுதானே? நான் ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

பிலோமினா என்னை மோட்டார் சைக்கிள் பக்கம் இழுத்துப் போனாள். ஹெல்மெட்டை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னாள்.

"சாகலன்னு அத்தன பேர் முன்னாடி கத்துனீங்கல்ல? இனி சாகாம இருக்க வேண்டியது உங்க பொறுப்பு. நாளைக்கு டாக்டருக்குப் போன் பண்ணுங்க."

பண்ணினேன். வருகிற வியாழன் என்று நாள் குறித்தாகிவிட்டது. மறுபடி வந்தால் மறுபடி சுடுவோம். ஈரல் தாங்கும்வரை நானும் தாங்குவேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் பின்சீட் பிலோமினாவுக்கு — பயம் வேண்டுமானால் பஸ் பிடித்து வரட்டும்.