அடைப்புக்குறிக்குள் வேறொரு பெயர்

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கிணறும் போர்வெல்லுமாக எண்பத்து நான்குக்கும் செல்வகுமாரி நேரில் போயிருக்கிறாள். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பாட்டில்களோடு கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அப்பா தங்கவேலின் நெல்வயலுக்குப் பாய்ந்த தண்ணீரே கரிக்கத் தொடங்கியிருந்தது.

எழுதுவதில் அவள் கறார். பிறர் கருத்தை எடுத்தால் அந்த வாக்கியம் முடிகிற இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் அவர் பெயரும் ஆண்டும் வரவேண்டும். அப்படியே எடுத்தால் பக்க எண்ணும் வேண்டும். கடைசியில் பட்டியல் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களை அவள் திட்டுவாள்.

அப்படிப்பட்டவளின் ஆய்வேட்டை நூலகத்தில் ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்தபோது ஐம்பத்தெட்டு சதவீதம் காப்பி என்று வந்தது. எல்லாம் ஒரே கட்டுரையிலிருந்து. எழுதியவர் அவளுடைய நெறியாளர் அரிகரன், 2023. திருத்தித் தரச் சொல்லி அவள் மெயிலில் அனுப்பிய மூன்றாவது இயல் அது; நாற்பத்தெட்டுக் கிணறுகளைப் பற்றியது, ஏட்டில் பாதிக்கு மேல் அதுதான். ஒரு சொல் மாறாமல் இருந்தது.

மறுநாளே அவர் அறைக்குப் போனாள்.

"சார், இது நான் எழுதினது."

"இல்லன்னு யாரும்மா சொன்னா? ஆனா அச்சுல யாரு பேரு இருக்கு? எங் கட்டுரைய மேற்கோளா சைட் பண்ணிடு, பர்சென்டேஜ் தானா எறங்கிடும்."

"எம் பேரு ஏன் சார் வரல?"

"இப்ப அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? உனக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் டைம். கையெழுத்து நான்தான் போடணும்."

பழைய மெயில்களைப் பிரிண்ட் எடுத்துப் புகார்க் கடிதமும் எழுதினாள். நான்கு நாள் பையிலேயே வைத்திருந்தாள். ஏழு வருடம் போய்விட்டது, உதவித்தொகையும் நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து, தன் வாக்கியங்களுக்குப் பின்னால் நாற்பத்தேழு இடங்களில் (அரிகரன், 2023) என்று தட்டினாள். தட்டத் தட்ட, உண்மையிலேயே திருடியவள் போல் கை கூசியது.

ஓரிடத்தில் மட்டும் விரல் நின்றது. பாகூர் ஏரிக்குக் கீழே கரும்பு போட்டிருந்த ஆதிலட்சுமி சொன்னது அது: "இந்தத் தண்ணியில பருப்பு வேவ மாட்டேங்குதும்மா. மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது." அரிகரனின் கட்டுரையில் அது பெயரில்லாமல் ஆங்கிலத்தில் இருந்தது. செல்வகுமாரி அங்கே (ஆதிலட்சுமி, நேர்காணல், 2021) என்று போட்டாள்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் அதைத்தான் பிடித்தார்.

"யாரும்மா இந்த ஆதிலட்சுமி? பட்டியல்ல காணமே."

"விவசாயி சார். நேர்காணல்னா உள்ளே மட்டும் சொன்னா போதும், பட்டியல்ல வராது."

"ஆனா இதே வரி உங்க சார் கட்டுரையில 2023லேயே வந்திருக்கே?"

அரிகரன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வகுமாரி வாய் திறக்கப் போனாள், பிறகு திருத்தம் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள்.

"அச்சில வந்ததையே மேற்கோளா காட்டுங்க," என்று எழுதிக் கொடுத்தார் தேர்வாளர். அந்த வாரமே மாற்றினாள். (அரிகரன், 2023) இப்போது நாற்பத்தெட்டு இடங்களில்.

பட்டம் வந்தது. அம்மா கலியம்மாள் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். இப்போது செல்வகுமாரி திருபுவனைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். மற்ற முப்பத்தாறு கிணறுகளைப் பற்றிய இயல் அச்சாகாமல் அவளுடைய மடிக்கணினியில் கிடக்கிறது. யாருக்கும் அனுப்ப அவளுக்குத் துணிவு வரவில்லை.